கலைப் பள்ளியின் வகுப்பறையும் விழா நாள்களும்: காளிகாட் தரும் பாடம்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியிலுள்ள காளிகாட், அங்குள்ள காளி கோயிலால் நாடெங்கும் அறியப்பட்ட இடமாகும். இன்று நாம் காணும் கோயில் கட்டடம் 1809-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பிந்திய சுமார் நூறாண்டுக் காலத்தில், கோயிலைச் சூழ்ந்த சந்துகளில் ஓர் ஓவிய மரபு தோன்றிச் செழித்துப் பின்னர் மறைந்தது. அதே வங்காளத்தில், காளிகாட்டிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாந்திநிகேதனத்தில், 1901-இல் ஐந்து மாணவர்களுடன் தொடங்கிய ஒரு சிறு பள்ளி, கலையைக் கல்வியின் நடுவில் வைத்து இன்றும் நடைபெற்று வருகிறது.

முன்னது ஏன் மறைந்தது, பின்னது எவ்வாறு நிலைத்தது என்ற வினா வெறும் கலை வரலாற்று வினா அன்று. பள்ளிகளில் கலைக் கல்விக்கு இடமளிக்க வேண்டும் என்று சட்டமும் கொள்கையும் கூறும் இந்நாளில், அதனைச் செயற்படுத்தும் அலுவலரும் ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவரும் ஆராய வேண்டிய வினாவாகும்.

கோயில் வாசலில் ஒரு சந்தை

மேதினிபூர், இருபத்துநான்கு பர்கானா முதலிய மாவட்டங்களின் கிராமங்களில் கதைகளைப் படச்சுருளாக வரைந்து, ஊர்தோறும் பாடிக் காட்டிப் பிழைத்தவர்கள் பட்டுவா எனப்படும் ஓவியர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவர்களுள் பலர் காளிகாட்டில் வந்து குடியேறினர். யாத்திரிகர் கூட்டம் பெரிது. ஒவ்வொருவரும் ஊர் திரும்பும்போது ஒரு படம் வாங்கிச் செல்ல விரும்பினர். நீண்ட சுருளை வரைந்துகொண்டிருக்க நேரமில்லை. எனவே ஆலையில் செய்த மலிவான தாளில், தனித்தனிப் படங்களை நீர்வண்ணத்தில் விரைந்து தீட்டும் முறை உருவாயிற்று. குடும்பத்தில் ஒருவர் கோட்டை இழுப்பார். பெண்களும் சிறுவரும் வண்ணம் நிரப்புவர். இன்றைய பொருளியல் மொழியில் கூறுவதானால், இது வேலைப் பிரிவினையுடன் கூடிய ஒரு குடிசைத் தொழில்.

தெய்வ உருவங்களே முதலில் வரையப்பட்டன. பின்னர் நகரத்துப் பகட்டான பாபுக்களையும், 1873-இல் வங்காளத்தையே உலுக்கிய தாரகேசுவரம் கொலை வழக்கையும்கூட இவர்கள் வரைந்தனர். ஆனால் படத்தின் விலை ஓரிரு பைசாக்களே. பம்பாயிலும் ஜெர்மனியிலும் அச்சான வண்ணப் படங்கள் அதனினும் மலிவாகவும் பளபளப்பாகவும் வந்து குவிந்தபோது, இத்தொழில் நிலைகுலைந்தது. 1930-ஆம் ஆண்டையொட்டி அது பெரும்பாலும் முடிவுற்றது எனலாம். ருட்யார்டு கிப்ளிங், தம் தந்தையார் சேகரித்த 233 படங்களை 1917-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். காளிகாட் ஓவியங்களின் மிகப் பெரிய தொகுப்பு இன்று அங்கேயே உள்ளது. காளிகாட்டின் பட்டுவாபாடாவிலோ மண் பிரதிமைகள் செய்யும் தொழிலே எஞ்சியுள்ளது.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. காளிகாட் ஓவியர்க்குத் திறமை குறைவில்லை. வாங்குவோரும் நெடுங்காலம் குறையவில்லை. அவர்களுக்கு இல்லாதிருந்தது ஒரு பள்ளி. மகன் தந்தையிடம் கற்றது விற்பனைக்கு வேண்டிய கைப்பழக்கத்தை. சந்தை மாறியபோது புதிதாய்ச் சிந்தித்துப் பார்க்க ஓய்வோ இடமோ அவனுக்குக் கிடைக்கவில்லை. சந்தை நின்றதும் பயிற்சியும் நின்றது.

அரசு பள்ளியும் அதன் எல்லையும்

அக்காலத்தில் கல்கத்தாவில் ஓவியப் பள்ளியே இல்லாமலில்லை. 1854-இல் தொழிற்கலைப் பள்ளியாகத் தொடங்கியதை 1864-இல் அரசு ஏற்றது. ஆயினும் அங்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது ஐரோப்பிய முறையே. முன்னர்ச் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த ஈ. பி. ஹாவெல் 1896-இல் கல்கத்தா பள்ளியின் பொறுப்பேற்ற பின்னரே, இந்திய ஓவிய மரபு வகுப்பறைக்குள் நுழைந்தது. அவர் துணைத் தலைவராக அழைத்துக்கொண்ட அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர் நந்தலால் போஸ். அவனீந்திரநாத்தின் மற்றொரு மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்திரி 1929-இல் சென்னைப் பள்ளியின் தலைவரானார். மெரீனா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை அவர் படைப்பேயாகும்.

எனினும் இவையெல்லாம் ஓவியராக விரும்பும் இளைஞர்க்கான பள்ளிகள். எட்டு வயதுச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் கலை எதற்கு என்ற வினாவுக்கு விடை, கல்கத்தாவுக்கு வெளியே, பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் வெளியில்தான் தேடப்பட்டது.

ஐந்து மாணவர் பள்ளி

போல்பூர் ரயில் நிலையத்திற்கு அருகே மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் 1863-இல் பெற்ற நிலம் சாந்திநிகேதனம் எனப் பெயர் பெற்றது. அங்கு அவர் மகன் இரவீந்திரநாத் 1901 டிசம்பர் 22-இல் பள்ளியொன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் கட்டணம் வாங்கப்படவில்லை. பள்ளியை நடத்த அவர்தம் மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளை அளித்தார். 1913-இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையைக் கவிஞர் பதிசர் என்னும் ஊரில் தாம் நிறுவிய விவசாய வங்கியில் முதலீடு செய்தார். உழவர்க்குக் கடனும் பள்ளிக்கு வட்டி வருவாயும் கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். செல்வம் மிகுந்த நிறுவனமாக அப்பள்ளி தொடங்கவில்லை என்பதை இவை காட்டும்.

1919-இல் கலாபவனம் என்னும் கலைப் பிரிவு உருவாயிற்று. நந்தலால் போஸ் அதன் உயிர்நாடியானார். 1921 டிசம்பரில் விசுவபாரதி முறையாகத் தொடங்கப்பட்டது. 1922-இல் கிராமப் புனரமைப்புக்காக ஸ்ரீநிகேதனமும், 1924-இல் கிராமத்து ஏழைச் சிறுவர்க்கெனச் சிக்ஷாசத்திரமும் தோன்றின. பழைய பள்ளி 1925 முதல் பாடபவனம் எனப் பெயர் கொண்டது. 1951-இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வகுப்பில் நடப்பது

பாடபவனத்தின் நாள் வைதாலிகம் எனப்படும் கூட்டுப் பாடலுடன் தொடங்குகிறது. வகுப்புகள் மரநிழலில் நடைபெறுகின்றன. ஆசிரியரைச் சுற்றி மாணவர் தத்தம் பாயை விரித்து அரைவட்டமாக அமர்வர். வகுப்பு சிறியதாக இருத்தல் இம்முறைக்கு இன்றியமையாதது. மரத்தடியில் அறுபது பேருக்குக் கற்பித்தல் இயலாது. வார விடுமுறை நாள் புதன்கிழமை.

இசை, நடனம், ஓவியம், கைத்தொழில் ஆகியவை பாடவேளை முடிந்த பின் நடக்கும் பொழுதுபோக்காக வைக்கப்படவில்லை. கணிதம், மொழி ஆகியவற்றோடு அவையும் கால அட்டவணையில் இடம்பெறுகின்றன. கால இடைவெளியில் கூடும் சாகித்திய சபை மாணவர்களே நடத்துவது. தாம் எழுதிய கவிதையையும் கட்டுரையையும் மாணவர் தாமே அவையில் படிப்பர். எழுதியதை ஆசிரியர் திருத்தி மதிப்பெண் இடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதனைக் கேட்க ஓர் அவை காத்திருக்கிறது. தம் பொருளியல் ஆய்வுக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் இப்பள்ளியில் பயின்றவர் என்பது, கலைப் பள்ளியில் படித்தால் கணக்கு வாராது என்று அஞ்சும் பெற்றோர்க்குப் போதிய விடையாகும்.

பாடநூலும் இந்நோக்குடனேயே எழுதப்பட்டது. வங்க எழுத்துகளைக் கற்பிக்க இரவீந்திரநாத் 1930-இல் வெளியிட்ட ‘சகஜ பாடம்’ என்னும் தொடக்கநிலை நூலுக்கு நந்தலால் வெட்டுப்பாள அச்சில் படங்கள் அமைத்தார். நாட்டின் முன்னணி ஓவியர் ஒருவர் எழுத்தறிவிக்கும் நூலுக்குப் படம் வரைவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை.

பொருள்களைத் தேர்வதிலும் சிக்கனம் கைக்கொள்ளப்பட்டது. நம் வீட்டு வாசற்கோலத்தை ஒத்த வங்கத்து ஆல்பனா, விழாதோறும் தரையை அழகு செய்யும் பாடமாயிற்று. 1930-களில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து மண்ணாலும் தாராலும் கட்டிய ‘கரிய வீடு’ புடைப்புச் சிற்பங்கள் நிறைந்த விடுதியாயிற்று. வெண்கலத்துக்குப் பணமில்லாத நிலையில் ராம்கிங்கர் பைஜ் சிமெண்டையும் செம்மண் சரளைக் கல்லையும் கலந்து 1938-இல் சந்தால் குடும்பம் ஒன்றின் சிலையை உருவாக்கினார். இந்தியாவின் நவீனச் சிற்பக் கலையில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. பொருளில்லை என்று கலைப்பாடத்தைக் கைவிடும் பள்ளிகள் இவ்வுதாரணங்களை எண்ணிப் பார்க்கலாம்.

ஆண்டில் வரும் நாள்கள்

இப்பள்ளியில் சேரும் மாணவன், வரவிருக்கும் ஓராண்டில் எவ்வெவற்றை எதிர்நோக்குவான்? விழாக்கள் பருவங்களையும் தொழில்களையும் ஒட்டி அமைந்துள்ளன.

மழைக்காலத்தில் வர்ஷமங்கலம். வங்க நாள்காட்டியின் சிராவண மாதம் 22-ஆம் நாள், அதாவது ஆகஸ்டு இரண்டாம் வாரத்தையொட்டி, இரவீந்திரநாத் மறைந்த நாளில், மரம் நடு விழா நடைபெறும். 1928-இல் தொடங்கிய இவ்விழாவில் இளங்கன்றைப் பல்லக்கில் ஏற்றி, பாடலும் ஆடலுமாக ஊர்வலம் கொண்டு சென்று நடுவர். அடுத்த நாள் ஸ்ரீநிகேதனத்தில் ஏர் பூட்டும் விழாவான ஹலகர்ஷணம். கைவினைஞர்க்குரிய சிற்போத்சவம் விசுவகர்மா பூஜையையொட்டி வரும்.

நம் ஊர்களில் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் மகாளய அமாவாசையன்று அங்கு ஆனந்த பஜார் கூடும். மாணவர் தாமே செய்த தின்பண்டங்களையும் கைவினைப் பொருள்களையும் கடைவிரித்து விற்பர். வரும் பணம் உதவி வேண்டுவோர்க்குச் செல்லும். அதனையொட்டிய நாள்களில் மாணவர் நாடகங்கள் அரங்கேறும். ‘சாரதோத்சவம்’ என்னும் நாடகத்தை இரவீந்திரநாத் 1908-இல் இப்பள்ளிச் சிறுவர் நடிப்பதற்கென்றே எழுதினார்.

டிசம்பர் 3 நந்தலால் பிறந்த நாள். அதனை முன்னிட்டு டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் கலாபவனத்தில் நந்தன் மேளா நடைபெறும். 1973 முதல் நடந்துவரும் இதில் ஆசிரியரும் மாணவரும் செய்த சிற்றோவியம், சுடுமண் பொம்மை, நாள்காட்டி முதலியன எளிய விலைக்கு விற்கப்படும். வருவாய் மாணவர் நல நிதியில் சேரும். மார்கழியில் பௌஷ மேளா. 1894 முதல் நடைபெறும் இச்சந்தையில் பாவுல் பாடகரும் சந்தால் மக்களும் சுற்றுவட்டாரக் கைவினைஞரும் திரள்வர். பிப்ரவரி 6-ஐ ஒட்டி ஸ்ரீநிகேதன ஆண்டு விழா. பின்னர் வசந்த விழா. இதன் வித்து, கவிஞரின் இளைய மகன் சமீந்திரநாத் 1907-இல் தோழர்களோடு நடத்திய பருவ விழாவாகும்.

விழாவின் பொருளாதாரம்

மேற்கூறியவற்றை வெறும் கொண்டாட்டங்களாகக் கருதுதல் தவறு. ஆனந்த பஜாரில் கடைவைக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி எவற்றைக் கற்கிறாள்? மூலப்பொருளுக்கு என்ன செலவு, என்ன விலை வைத்தால் விற்கும், விற்காதது ஏன் தேங்கிற்று, மிச்சம் எவ்வளவு என்பனவற்றைக் கற்கிறாள். காளிகாட்டின் பட்டுவாச் சிறுமியும் இவற்றை அறிந்திருந்தாள். ஆனால் அவளுக்கு விற்பனை வயிற்றுப்பாடு. தவறு செய்து பார்க்க உரிமையில்லை. பள்ளிச் சிறுமிக்கோ தவறும் பாடமாகிறது. அடுத்த ஆண்டு வேறு பொருளைச் செய்து பார்க்கலாம்.

வகுப்பு, அதன் விளைவை மக்கள் முன் வைக்கும் நாள் ஆகிய இரண்டும் இணைந்திருப்பதே இப்பள்ளியின் அமைப்பு. வகுப்பின்றி விழா இல்லை. விழாவை எதிர்நோக்காத வகுப்பும் இல்லை. இவ்விணைப்பினால்தான் அழிந்துகொண்டிருந்த மரபுகளையும் அங்கு மீட்டெடுக்க முடிந்தது. 1938-இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டிற்காக நந்தலால் வரைந்த எண்பதுக்கும் மேற்பட்ட சுவரொட்டிப் படங்களில் உழவரும் தச்சரும் இசைவாணரும் பட்டுவா ஓவியத்தின் தடித்த கோடுகளிலேயே உருப்பெற்றனர். கல்கத்தா அரசு பள்ளியில் பயின்ற ஜாமினி ராயும் காளிகாட் ஓவியத்திலிருந்து தம் தனிப்பாணியை அமைத்துக்கொண்டார். கோயில் வாசலில் மடிந்த கோடு, பயிற்சி பெற்ற கைகளில் மறுபிறவி எடுத்தது. ஆயினும் அதன் பயன் பட்டுவாக் குடும்பங்களுக்குச் சென்று சேரவில்லை என்பதையும் மறத்தலாகாது.

எதிர்ப்பட்ட இடர்கள்

சாந்திநிகேதனத்தின் வரலாறு இடரின்றி நடந்ததன்று. விழாக்களின் புகழே அவற்றுக்குச் சுமையாயிற்று. பௌஷ மேளாவில் சேரும் குப்பை, புகை, இரைச்சல் ஆகியவை பற்றிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2020 முதல் சில ஆண்டுகள் விசுவபாரதி அதனை வழக்கம்போல் நடத்தவில்லை. 2024-இல் மீண்டும் நடத்தியது. வசந்த விழாவும் பெருங்கூட்டத்தைத் தாங்க இயலாது, அண்மை ஆண்டுகளில் வளாகத்தினருக்குள் சுருங்கியது. பள்ளியின் விழா சுற்றுலாப் பயணிகளின் விழாவாக மாறும்போது, மாணவன் கடைக்காரன் நிலையிலிருந்து வேடிக்கை பார்ப்பவன் நிலைக்குத் தள்ளப்படுகிறான். சிறிய அளவே இம்முறையின் வலிமை என்பது இதனால் தெளிவாகும்.

தமிழர் பங்கும் நம் பள்ளிகளும்

இக்கல்வி முறை வங்காளத்தோடு நின்றுவிடவில்லை. அதனைப் பரப்பியதில் தமிழர்க்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத் தமிழரான ஈ. டபிள்யூ. அரியநாயகம் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராகவும் தாகூரின் செயலாளராகவும் பணியாற்றினார். 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்த பின்னர், இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக இருந்து, தம் துணைவியார் ஆஷாதேவியுடன் சேவாக்கிராமத்தில் அதனை நடத்திக் காட்டினார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் கலாபவனத்தில் சேர்ந்தவர். பின்னர் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துணை இயக்குநராகவும் பணியாற்றினார். கலைப் பயிற்சி நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு உதவும் வகைக்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

நம் சட்டங்களும் இத்திசையையே சுட்டுகின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. இதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர் நியமனம் பெற்றனர். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்துக்குப் புறம்பானது என்றும் கடுமையான பிரிவினை கூடாது என்று கூறுகிறது. தமிழ்நாட்டு அரசு பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடத்தப்படுகிறது; மாணவர் பெருந்திரளாகப் பங்கேற்கின்றனர்.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளையே என்பதைப் பள்ளி ஆய்வுக்குச் சென்ற அலுவலர் எவரும் அறிவர். வாரந்தோறும் வகுப்பு நடவாமல், விழாவுக்கு முன் பதினைந்து நாள் ஒத்திகை மட்டும் நடக்குமாயின், ஏற்கெனவே வெளியே பணம் கட்டிக் கற்கும் சில பிள்ளைகளே மேடையேறுவர். மற்றவர் கைதட்டுவர். காளிகாட்டில் பள்ளியின்றிச் சந்தை மட்டும் இருந்தது போல, இங்கு வகுப்பின்றி மேடை மட்டும் இருக்கும்.

செய்யக்கூடியவை

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவதாக, கலைப் பாடவேளை நடைபெற்றதா என்பதை ஆய்வு அலுவலர் அட்டவணையில் பார்ப்பதோடு அமையாமல், மாணவர் செய்த பொருள்களைக் கொண்டு அறிதல் வேண்டும். இரண்டாவதாக, போட்டிகளோடு, பரிசு ஏதுமின்றி எல்லா மாணவரும் தம் படைப்பை வைக்கும் ஒரு நாளையும் ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் குறிக்கலாம். அதில் வரும் சிறு வருவாயை மாணவரே கணக்கெழுதி, உடன் பயில்வோர் நலனுக்குச் செலவிடலாம். மூன்றாவதாக, அந்தந்த வட்டாரத்துக் குயவர், நெசவாளர், கூத்துக் கலைஞர் ஆகியோரை ஆண்டில் சில நாள்கள் மதிப்பூதியத்துடன் வகுப்புக்கு அழைக்கலாம். பட்டுவாக்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இன்றுள்ள கைவினைஞர்க்காவது கிட்டும். நான்காவதாக, பகுதிநேரக் கலை ஆசிரியரின் பணிநிலை உறுதிப்பட வேண்டும். தன் வேலை நிலைக்குமா என்று ஐயுறும் ஆசிரியர் நீண்ட காலத் திட்டத்தோடு கற்பித்தல் அரிது.

இவற்றுள் எதற்கும் ஆலமரத்தடியோ புகழ்பெற்ற கவிஞரோ தேவையில்லை. வாரத்தில் இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றும் தலைமை ஆசிரியர் ஒருவரும், ஆண்டில் ஒரு நாள் பள்ளி வாயிலைத் திறந்துவைத்து ஊராரை அழைக்கும் மனமும் போதும். அந்நாளில் எல்லா வகுப்பு மாணவர்களுடைய கைவேலையும் அங்கு வைக்கப்பட்டிருக்குமாயின், அப்பள்ளியில் கலைக் கல்வி நடைபெறுகிறது என்று நாம் நம்பலாம்.